தண்ணிக்குக் கழித்தது

மழை பெய்தால் நான் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு துணிக்கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில் குடியிருக்கிறேன். முதல் துளி விழும்போது மேசையில் இருப்பேன். பத்தாவது துளிக்கு ஜன்னலருகே. கூரை முழுவதும் ஒரே சத்தமாகும்போது வாசற்படியில், காலில் செருப்போடு. கீழே கடைக்கார நானா அண்ணாந்து பார்த்து, "எங்க தங்கச்சி, மழைய பாத்துட்டு வரப் போறீங்களா?" என்பார். சிரிப்பேன். சிரித்தபடியே கையிலிருக்கும் போனைப் பார்ப்பேன்.

ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு மழை மேல் இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது ஒரு வரைபடத்தில் தொடங்கியது.

பசறைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்று, மாறிவரும் காலநிலைக்கு ஊரைத் தயார்ப்படுத்த ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருந்தது. வெயில் நீண்டால் குடிதண்ணீருக்கு என்ன வழி, மழை கொட்டினால் யாரை எங்கே கொண்டுபோவது, எந்த ஊருக்கு முதலில் வாகனம் அனுப்புவது. யாரும் விடுபடக்கூடாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. சபையில் தமிழில் எழுத ஆள் இல்லை. மொழிபெயர்க்கவும், தோட்டங்களில் கூட்டம் கூட்டவும் என்னைக் கூப்பிட்டார்கள். 

அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர் ஒரு சிங்களப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை 'அக்கே' என்பார். முதல் நாள் மேசை நிறைய ஒரு வரைபடத்தை விரித்தார். பஜார் இருந்தது. வயல் இருந்தது. விகாரையும் பள்ளிவாசலும் இருந்தன. கிராமத்து வீடுகள் புள்ளி புள்ளியாக, சிதறிய எள் போல. நமுனுகுல பக்கம் ஏற ஏற வெறும் பச்சை. தேயிலை. அந்தப் பச்சைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. விரலை வைத்துத் தேடினேன். பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நீள லயம் ஒன்று என் நகத்துக்கு அடியில் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம். ஐந்தாவது காம்பராவில் என் அக்கா இருக்கிறாள். நகத்தை எடுத்துப் பார்த்தேன். பச்சைதான்.

இங்கே இருக்கிற ஆட்கள் எங்கே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். தோட்டம் கம்பெனியின் பொறுப்பு, சபையின் கை அதற்குள் நீளக்கூடாது என்று காலகாலமாக இருந்துவிட்டது, சட்டம் இப்போது மாறியிருக்கிறது, வரைபடத்தை யாரும் இன்னும் மாற்றவில்லை என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. மழை கொட்டும் நாளில் யாரோ ஒருவர் அவசரமாக இந்தத் தாளைத்தான் பார்ப்பார். இதைப் பார்த்துத்தான் பஸ்ஸை அனுப்புவார்.

முதல் கூட்டத்தை நான் கெடுத்தேன். புதன்கிழமை காலை பத்து மணி என்று நோட்டீஸ் அடித்தேன், அதையும் தமிழிலேயே அடித்தோம் என்று பெருமை வேறு. தோட்டத்து மண்டபத்தில் நாற்பது கதிரை போட்டிருந்தோம். சங்கத் தலைவர்மார் மூன்று பேரும் ஓய்வு பெற்ற கிழவர்கள் இருவரும் வந்தார்கள். பத்து மணிக்குப் பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது லயத்தில் பிறந்த எனக்கே மறந்திருந்தது. பட்டணத்துக் கடிகாரம் ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது.

அடுத்த கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்தேன், மாலை நிறுவை முடிந்த கையோடு. அன்று தூறல். பெண்கள் வரிசையில் நின்றார்கள், தலையில் மழைக்குக் கொங்காணி, இடுப்பில் படங்குச் சாக்கு, எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டியது. ஒவ்வொருத்தியின் கொழுந்துச் சாக்கும் தராசில் தொங்கும்போது கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைப் பார்த்தார், வேறொரு எண்ணை எழுதினார். சாக்குக்கு இவ்வளவு கழிவு. ஈரக் கொழுந்து என்றால் தண்ணிக்கு இவ்வளவு கழிவு. யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினெட்டு பதினைந்தாகும், பதினைந்து பன்னிரண்டாகும். அது அங்கே பெய்யும் மழையைப் போல, வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதற்காக வந்தேனோ அதிலேயே என் கண் இருந்தது. தராசு மனதில் தங்கவில்லை.

நிறுவை முடிந்ததும் பெண்கள் சாக்குகளை விரித்து உட்கார்ந்தார்கள். சிமெந்துத் தரையில் தேயிலைக் குச்சிகளை அடுக்கித் தங்கள் இடத்தை அவர்களே வரைந்தார்கள். லயம், தண்ணீர்ப் பீலி, கோயில், வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா. அது அவர்களுடைய இடம் என்பதால் வாய் தாராளமாக வந்தது. ஒருத்தி அடுத்தவளின் காம்பராவை வளைவாக வைத்துவிட்டு, ஒன் புருஷன் நடக்கிற மாதிரிதான் வச்சிருக்கேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் இன்னொருத்தி ஒரு நீளக் குச்சியை எடுத்து லயத்துக்கு மேலே குறுக்காக வைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

அது வெடிப்பு. லயத்துக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில், மண் பிளந்திருக்கும் இடம்.

மறுநாள் அக்கா கூட்டிப்போய்க் காட்டினாள். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவள், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினாள். தேயிலைத் தூர்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நின்றன, யாரோ கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல. நடுவில் மண் வாய் பிளந்து கிடந்தது. என் காலை விட்டுப் பார்த்தேன், கணுக்கால் வரை போனது. கீழே குனிந்து பார்த்தால் லயத்துக் கூரையின் தகரங்கள், அவற்றின் மேல் காயப்போட்ட சிவப்புப் பாவாடை ஒன்று, புகை. ஒரு கல்லை உருட்டினால் அந்தப் பாவாடையில் போய் விழும். மலை இறங்கி ஒரு லயத்தையே மூடிக்கொண்ட கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த கதையைக் காலால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

சபையில் சொன்னேன். உத்தியோகத்தர் வந்து பார்த்தார், மண் ஆராய்கிற ஆட்களையும் அழைத்து வந்தார். லயம் இங்கிருந்து மாற வேண்டும், அதற்குக் காணி வேண்டும், காணிக்குக் காலமாகும், அதுவரை மழையை அளந்துகொண்டே இருங்கள் என்று முடிவானது. ஒரு மழைமானி கொடுத்தார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். காலையில் வெறுமையாக்கி வைக்க வேண்டும். மஞ்சளைத் தொட்டால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டு, சிவப்பு என்றால் நூற்றைம்பது தாண்டிவிட்டது, லயத்தைவிட்டுப் போ.

அதை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் தோட்டத்துக் காரியாலயத்துக் கிளாக்கர் ஐயாவின் பேர்தான் முதலில் வந்தது. காரியாலயம் மலைக்குக் கீழே இரண்டு மைல் தள்ளி இருக்கிறது, அங்கே பெய்கிற மழை வேறு, மண் விழுந்தால் அவர் தலையில் விழாது என்று நான் வாதாடினேன். லயத்தில் இருக்கிற ஒரு பெண்தான் வேண்டும் என்றேன். ஜெயித்தேன். பகலெல்லாம் லயத்திலேயே இருக்கிற பெண் என்று பார்த்தால் அக்காதான் இருந்தாள்.

"நான் அஞ்சாம் வகுப்புடி" என்றாள் அக்கா. "எனக்கு எதுக்கு இந்த உத்தியோகம்?"

"இலக்கம் வாசிக்கத் தெரியும்ல?"

"அது தெரியும். உத்தியோகம்னா தொப்பி தருவாங்களா?"

தொப்பி தரவில்லை. ஒரு பழைய போன் மட்டும் கொடுத்தார்கள். லயத்தில் அவளுக்கு 'மழை மிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், மழை மிஸ் வர்றாங்க, வழி விடுங்க என்று கேலி. அக்காவுக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். தன் கீரைப் பாத்தி நடுவில் இரும்புக் கம்பத்தில் அந்தக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கோழி வராமல் முள் வைத்தாள்.

அக்காவுக்குச் சிங்களம் வராது. உத்தியோகத்தருக்குத் தமிழ் வராது. அதனால் அக்கா எனக்குச் சொல்ல வேண்டும், நான் சபைக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு குடும்பங்களுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் நான் ஒருத்தி, என் கையில் ஒரு போன். குளிக்கும்போதும் அதை ஜன்னலில் வைத்துக் குளித்தேன். கடையில் சில்லறை வாங்கும்போது அது அதிர்ந்தால் சில்லறையைக் கீழே போட்டேன். அக்கா வணக்கம், சுகம் எதுவும் சொல்ல மாட்டாள். இலக்கத்தை மட்டும் சொல்வாள். "முப்பத்தெட்டு." வைத்துவிடுவாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் அது நின்று நின்று பெய்யும், இடையில் ஒரு வெயில் வந்து துணி காயும். இப்போது மழைக்கு முறை தப்பிவிட்டது. ஒரு மாதத்து மழையை ஒரு வாரத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு அக்கா குழாயை வெறுமையாக்கி வைத்தாள். பத்து மணிக்கு அறுபத்தெட்டு என்றாள். பன்னிரண்டு மணிக்கு, "நூத்தி நாலு." செம்மஞ்சள். மூட்டை கட்டச் சொல்லு என்றேன். கட்டியாச்சு என்றாள், குரலில் மாற்றம் இல்லை.

சபைக்குச் சொன்னேன். உத்தியோகத்தரின் மேசையில் எல்லா இடத்து இலக்கங்களும் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் பள்ளிக்கூடத்து முற்றத்தில் இதே போல ஒரு குழாய் இருக்கிறது. அங்கே அப்போது நூற்று இருபத்தைந்து. நேற்றும் அங்கே கூடுதல்தான், முந்தாநாளும் அப்படித்தான் என்றார். உங்கள் அக்காவின் மலைக்கு மழை குறைவு போல, அது நல்லது, இருக்கிற ஒரே பஸ்ஸைக் கிராமத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஒரு கோப்பை தேநீர்கூடக் குடித்தேன். பாதிக் கோப்பையில் ஏதோ இடறியது. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கூப்பிட்டால் கேட்கும் தூரம். இரண்டுக்கும் மேலே நிற்பது ஒரே மேகம். மூன்று நாளும், ஒவ்வொரு தடவையும், அதே அளவுக்கு எங்கள் பக்கம் மட்டும் குறையுமா? நான் கோப்பையை வைத்துவிட்டுக் குடையைத் தேடினேன். குடை கையில் இருந்தது.

நமுனுகுல பஸ் பாதியோடு நின்றுவிட்டது. மதகுக்கு மேலே வீதியில் தண்ணீர் போகிறது, இதற்கு மேல் முடியாது என்று கொண்டக்டர் எல்லாரையும் இறக்கினார். நான் நடந்தேன். பனி மூட்டத்துக்குள் தேயிலை இருந்தது, அதற்குள் தண்ணீர் ஓடும் சத்தம், எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலும். வழியில் தண்ணீர் ஓடும் கான்கள் நிரம்பிப் பாதையில் ஏறியிருந்தன. மலையைப் பார்க்கக்கூடாது, காலைப் பார்த்து நட என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். லயத்துக்கு ஏறும் படிக்கட்டடியில் பீலி இருக்கிறது. கடும் மழையிலும் கண்ணாடியாக விழும் தண்ணீர் அது. அன்று சாயத் தண்ணீர் போல சிவந்து விழுந்தது. மலைக்குள்ளே மண் கரைகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

அக்கா கீரைப் பாத்தியில் தலையில் சாக்கோடு நின்றுகொண்டிருந்தாள். குழாயைப் பார்த்தேன். சிவப்புப் பட்டைக்குள் தண்ணீர் நின்றது. நூற்றைம்பத்தெட்டு.

"பன்னெண்டு மணிக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நூத்தி இருவத்தி நாலு."

"எனக்கு நூத்தி நாலுன்னுதானே சொன்ன."

"கழிச்சுத்தானே சொல்லணும்."

"என்னத்துக்கு கழிச்ச?"

"தண்ணிக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. பட்டணத்துக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டவளைப் பார்க்கும் பார்வை.

"காத்துக்கு சாரல் அடிச்சு உள்ள போயிருக்கும். முள்ளுல பட்டு தெறிச்சிருக்கும். அதெல்லாம் கணக்குல வருமாடி? மழையன்னிக்கு எதை நெறுத்தாலும் தண்ணிக்கு கழிப்பாங்கல்ல. முழுசா சொன்னா, தோட்டத்தாளுங்க கூட்டிச் சொல்லுதுன்னு அந்த மிஸ் நெனைக்கும். ஒனக்குத்தான் கெட்ட பேரு. அவங்க கழிக்கிறதுக்கு முன்னாடி நானே கழிச்சுட்டேன்."

"மொத நாள்ல இருந்தா?"

"மொத நாள்ல இருந்துதான்" என்றாள், வேலையில் ஒழுங்கு தவறாதவளின் குரலில்.

முப்பது வருடத்துக்கு மேல் தராசுக்கு முன்னால் நின்றவள். அவள் எடுத்த கொழுந்தில் முழு எடை ஒரு நாளும் எழுதப்பட்டதில்லை. குழாயை நேராக நிறுத்தக் கற்றுக்கொடுத்தேன், கண் மட்டத்தில் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன், எட்டரைக்கு வெறுமையாக்கக் கற்றுக்கொடுத்தேன். கண்டதைக் கண்டபடி சொல் என்று ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற பிறகும் தோன்றவில்லை. திட்டு வாய் வரை வந்தது. யாரைத் திட்டுவது?

லயத்தில் சிக்னல் வருவது கோயில் வளைவில்தான். அங்கே போய் உத்தியோகத்தருக்குச் சொன்னேன். இதுவரை தந்த எல்லா இலக்கமும் குறைவு, இப்போது சிவப்பு, பீலி கலங்கிவிட்டது. அவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். பஸ் கிராமத்துக்குப் போய்விட்டது, மதகைத் தாண்டி எதுவும் வராது என்றார். எதிர் மேட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போங்கள், அதிபரிடம் சொல்லித் திறக்க வைக்கிறேன், வெடிப்புக்குக் கீழே போகும் குறுக்குப் பாதை வேண்டாம், நானும் நடந்து வருகிறேன் என்றார்.

மழை வலுத்ததால் மலை வேலையைப் பகலோடு நிறுத்தி எல்லாரும் லயத்துக்கு வந்திருந்தார்கள். அடுப்புகள் எரிந்தன. நான் முதல் காம்பராவில் தொடங்கி ஒவ்வொரு இஸ்தோப்புத் திண்ணையாக ஏறி, உடனே கிளம்புங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. மத்தியானம் மழை மிஸ்ஸே இன்னும் சிவப்பு வரவில்லை என்றாரே என்றார்கள், இரண்டு மணி நேரத்தில் மலைக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். மூன்றாம் காம்பராக்காரர், தொழிற்சாலையில் வேலை செய்பவர், கதவை மறித்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. அதனால் அவர் சொன்னது லயம் முழுவதும் கேட்டது.

"போறோம்னு வைங்க. நாளைக்கு ஆபத்தான எடம்னு காம்பராவ பூட்டிருவாங்க. அப்புறம் நாங்க இங்கதான் இருந்தோம்னு காட்ட எங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு துண்டு காயிதம் இருக்கா? ஒங்க மேப்புல நாங்க இருக்கோமா?"

நகத்துக்கு அடியில் பார்த்த பச்சைதான் கண்ணில் நின்றது. மேலே எங்கேயோ ஒரு வேர் அறுபடும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன்.

அக்கா கீரைப் பாத்தியிலிருந்து வந்தாள். கம்பத்திலிருந்து குழாயைக் கழற்றியிருந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு துளி சிந்தாமல், அந்த முழங்காலோடு இஸ்தோப்புப் படியை ஏறினாள். மூன்றாம் காம்பராக்காரரின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நெறுவைய பாருப்பா. நேத்தும் இன்னிக்கும் நான் தண்ணிக்கு கழிச்சுத்தான் சொன்னேன். இது கழிக்காதது."

அவர் சிவப்புப் பட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"எவ்வளவு கழிச்சீங்க?"

"பத்து, இருவது. தண்ணிய பொறுத்து."

அவர் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது அக்காவுக்குச் சொன்னது இல்லை. பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம், "புள்ளைய தூக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேகம், மண், காலநிலை என்று நான் மாதக்கணக்காகச் சொன்னவை அந்த லயத்துக்குள் நுழையவில்லை. தண்ணிக்குக் கழித்தது என்றதும் பன்னிரண்டு காம்பராக்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. கழித்ததற்கு மேலே எவ்வளவு இருக்கும் என்பது அவர்களுக்குக் கையில், தோளில், இடுப்பில் தெரியும்.

நீண்ட பாதையில் போனோம். பிள்ளைகள், மூட்டைகள், கூடைக்குள் கோழிகள், சாமிப் படம், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நடக்க முடியாத கிழவி ஒருத்தியை மூன்றாம் காம்பராக்காரர் முதுகில் சுமந்தார். நான் தலைகளை எண்ணினேன், மறுபடி எண்ணினேன், நாற்பத்தேழு, ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தரைக் காணவில்லை என்று தோன்றியது. அக்கா குழாயைக் கீழே வைக்கவே இல்லை. என்னிடம் கொடு என்றேன். நீ சிந்திருவ என்றாள்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, எதிர்ப் பக்கத்தில் கல் லொறியைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். அது நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினோம். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. தெரியாததைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ ஒரு பெண் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று சொன்னாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மண் ஏழாம் நம்பரிலிருந்து இறங்கி, பின்பக்கக் கானை நிரப்பி, கக்கூஸ் வரிசையைத் தள்ளி, கடைசி இரண்டு காம்பராக்களின் அடுப்படிகளுக்குள் போய் நின்றிருந்தது. அந்த நேரத்தில் அடுப்படிகளில்தான் பெண்கள் இருந்திருப்பார்கள். அக்காவின் காம்பராவுக்கு ஒன்றும் இல்லை. கீரைப் பாத்தி இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சில வாரங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பிறகு பாடம் தொடங்க வேண்டும் என்றார்கள். காணி இன்னும் ஒதுக்கப்படவில்லை. போக இடம் இல்லாதவர்கள் இருந்த இடத்துக்கே திரும்பினார்கள், கடைசி இரண்டு குடும்பங்களும் மற்றக் காம்பராக்களில் ஒட்டிக்கொண்டார்கள். வெடிப்பின் மீதிப் பாதி இன்னும் மேலே இருக்கிறது.

திட்டத்தில் இப்போது அந்த லயம் இருக்கிறது. வரைபடத்தின் பச்சைக்குள் எல்லா லயங்களுக்கும் புள்ளி வைத்தார்கள், மடுவத்தில் பெண்கள் குச்சி அடுக்கிய கணக்குப்படி. காம்பரா வாரியாகக் குடும்பத்தின் பேர் எழுதி, சபையின் முத்திரையோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். மூன்றாம் காம்பராக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறார். மாற்ற வேண்டிய இடங்களில் இது முதலாவது என்று சிங்களத்தில் எழுதியதை நான் தமிழில் எழுதினேன். 'பொருத்தமான காணி கிடைத்தவுடன்' என்ற சொற்களையும் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து அறைக்குள் பத்துத் தடவை நடந்தேன்.

இன்னொன்றும் செய்தோம். ஒருத்தியின் போனில் ஒரு லயம் தொங்கக்கூடாது என்று நான்தான் சொன்னேன். உத்தியோகத்தர் தமிழில் இருநூறு வரை எண்ணப் படித்துக்கொண்டார். அக்கா இப்போது அவருக்கே நேராகச் சொல்கிறாள். அவர் திருப்பிச் சொல்வதை அக்கா எனக்கு நடித்துக் காட்டினாள், "நூத்தி பத்தூ, சரியா அக்கே?" என்று. மூன்றாம் காம்பராக்காரர் தினமும், அக்கா இப்போது வாசலில் நிறுத்தியிருக்கும் மழைக் குழாயடிக்கு வந்து, கழிக்கலையேக்கா என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாராம். எல்லாம் நான் கேட்டபடி நடக்கிறது. எனக்குத்தான் இலக்கம் வருவதில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் மழை தொடங்கியது. பஸ் நிலையம் மறைந்தது, எதிர்க் கடைகள் மறைந்தன. செருப்பை மாட்டினேன், கழற்றினேன். போன் சும்மா கிடந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். உள்ளே வந்து, வெளியே போய், உள்ளே வந்து, ஒரு மணி நேரம் கழித்து விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று விரல் தண்ணீர். 

சுவரில் பட்டுத் தெறித்ததும் இதில் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு விரலைக் கழித்தேன். இரண்டுதான், பயப்பட ஒன்றும் இல்லை.

என்ன செய்தேன் என்று விளங்கியபோது கை ஈரத்தோடு போனை எடுத்தேன். அக்காவின் நம்பரை அழுத்தினேன். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி அழுத்தினேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.